முப்பத்தேழாம் நம்பர் கால்

நாட்றம்பள்ளி
9 செப்டம்பர் 2024

திரு. சமீருல்லா அவர்களுக்கு,

ஜெயசீலன் எழுதுகிறேன். எந்த ஜெயசீலன் என்று யோசிக்க வேண்டாம். வேலூர் ஆய்வகத்தில் உங்களோடு நான்கு வருடம் தேள் விஷம் கறந்தவன். நீங்கள் பாதியில் விட்டுவிட்டுப் போனபோது மீதியைத் தனியாகச் சுமந்தவன். இருபது வருடத்துக்குப் பிறகு நலம் விசாரிக்க எழுதுவதாக நினைத்துவிடாதீர்கள்.

என் வீட்டின் பின்பக்கத்தில் அமிர்தவள்ளி என்ற பெண் குடியிருக்கிறாள். வயது இருபத்தெட்டு. கணவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸில் ஆம்பூர் வந்து உங்கள் தொழிற்சாலையில் பூட்ஸ் மேல்பாகம் தைத்தவள். பெயர் சொன்னால் உங்களுக்கு நினைவு வராமல் போகலாம், காலைச் சொன்னால் வரும். பெண்களுக்கான சாம்பிள் எல்லாவற்றையும் முப்பத்தேழாம் நம்பரில்தான் செய்வீர்களாம். அவள் கால் அந்த அளவுக்கு அச்சில் வார்த்தது மாதிரி இருப்பதால், ஆறு வருடமாக அவளைத் தையல் மெஷினிலிருந்து எழுப்பிக்கொண்டுபோய் சரக்கு வாங்க வரும் வெளிநாட்டு பையர்கள் முன்னால் பூட்ஸைப் போட்டு நடக்கவிட்டிருக்கிறீர்கள்.

ஆகஸ்ட் 22 வியாழக்கிழமையும் அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். பூட்ஸுக்குள் வலது காலை விட்டதும் கட்டைவிரலில் ஏதோ குத்தியிருக்கிறது. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஆணின்னு நெனச்சேன் சார். அச்சுல தோல இழுத்து அடிக்கிற ஆணி ஒன்னு ரெண்டு சிலசமயம் உள்ள தங்கிடும். பையர் எதிர்ல கத்தினா அந்த லைன் சூப்பர்வைசர் ஹெலன் அக்காவ அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதான் பல்லக் கடிச்சினு போயிட்டுத் திரும்பி நடந்து காட்டினேன். அந்த வெள்ளக்காரம்மா நல்லா இருக்கான்னு கேட்டாங்க. தலைய ஆட்டி சிரிச்சேன்."

கால் மணி நேரத்தில் கழிவறையில் விழுந்திருக்கிறாள். வாந்தி, உடம்பெல்லாம் வேர்வை, கை கால் ஐஸ். ஆம்பூரில் ஒரு நர்சிங் ஹோமில் இதயம் என்று சொல்லி வேலூருக்கு அனுப்பினார்கள். வேலூரில் பிழைக்கவைத்தார்கள். இதயம் ரத்தத்தைத் தள்ளும் பலம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்ததாம்.

இப்போது உங்கள் கம்பெனி என்ன செய்கிறது தெரியுமா? பழைய இதயநோயை மறைத்து வேலைக்குச் சேர்ந்தவள் என்று குற்றம் சாட்டி, ஏன் நீக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருக்கிறது. இந்தப் பெயரோடு வெளியே வந்தால் ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை எந்த ஷூ கம்பெனியும் அவளைச் சேர்க்காது. அவளுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான்.

கழற்றிய பூட்ஸை அவள் உங்கள் கையில்தான் கொடுத்திருக்கிறாள். அதற்குள் என்ன இருந்தது?

ஜெ. ஜெயசீலன்


ஆம்பூர்
17 செப்டம்பர் 2024

சீலா,

ஸலாம். "நீங்கள்" என்று போட்டு எழுதியிருக்கிறாய். நான்கு வருடம் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவன் எழுதியதா என்று கையெழுத்தை இரண்டு தடவை பார்த்தேன். நீதான். அந்தச் சாய்ந்த எழுத்து மாறவில்லை, குத்துகிற பழக்கமும் மாறவில்லை.

அமிர்தவள்ளியைத் தெரியும். நல்ல கை, நல்ல கால். வேலூரிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேட்டு நிம்மதியாக இருந்தது. அதற்கு மேல் கம்பெனி விஷயம். அதை எச்.ஆர். பார்க்கும். நான் சாம்பிள் பிரிவைப் பார்க்கும் சம்பளக்காரன்.

நான் பாதியில் விட்டுவிட்டுப் போனதாக இத்தனை வருடம் கழித்தும் எழுதுகிறாய். அன்றைக்கு வாப்பா பக்கவாதத்தில் படுத்தார். தோல்மண்டியில் பச்சைத் தோல் லாரியோடு நின்றது, ஊறல் தொட்டியில் இருந்தது அழுகிக்கொண்டிருந்தது. உன் ஆய்வகத்தில் ஒரு செல்லின் கதவு திறப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும், இல்லையா? அந்த மண்டியையும் காப்பாற்ற முடியவில்லை. விற்றோம். வாங்கியவன் அதே இடத்தில் ஷூ பேக்டரி கட்டினான். நான் இப்போது உட்காரும் அறை வாப்பாவின் சுண்ணாம்புத் தொட்டி இருந்த இடம். இது போதுமா உனக்கு?

நீ என்ன செய்தாய்? நான் போன அடுத்த வருடம் கட்டுரை வந்தது. உன் பெயர் முதலில், பேராசிரியர் பெயர் கடைசியில். என் பெயரைத் தேடினேன். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது: தேள்கள் பிடித்துத் தந்தமைக்காக எஸ். சமீருல்லாவுக்கு நன்றி.

தேள் பிடித்துத் தந்தமைக்காக!

அந்தக் கட்டுரையின் நான்காவது படத்தில் இருக்கும் நரம்புப் பதிவு யாருடையது, சீலா?

சமீர்

(பதில் எழுதினால் வீட்டு முகவரிக்கு எழுது. போன் வேண்டாம். ஆபீஸ் மெயிலும் வேண்டாம்.)


நாட்றம்பள்ளி
23 செப்டம்பர் 2024

சமீருல்லா,

"நீங்கள்" எழுதி எனக்கும் கை வலிக்கிறது. நீ என்றே எழுதுகிறேன். மரியாதை குறைந்ததாக வைத்துக்கொள்.

நான் பூட்ஸுக்குள் என்ன என்று கேட்டேன். நீ வாப்பா, மண்டி, பக்கவாதம் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு எச்.ஆரில் கொண்டுபோய் விட்டிருக்கிறாய். ஆகவே வேலூருக்குப் போனேன். அன்றைக்கு அவசரப் பிரிவில் இருந்த பெண் மருத்துவரைப் பார்த்தேன். சீட்டில் தேள் என்று கேள்விக்குறியோடு போட்டிருக்கிறீர்கள், கொட்டிய தடம் எதுவும் தெரியவில்லையே, எப்படிச் சந்தேகப்பட்டீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"ஒருத்தர் போன் பண்ணினார் சார். பேர் சொல்லல. ஆம்பூர்லருந்து ஒரு பொண்ணு வந்துட்டு இருக்கு, ஹார்ட் அட்டாக் இல்ல, செந்தேள், உடனே பிரசோசின் மாத்திரை குடுங்கன்னார். எனக்குத் தெரியும் சார், வைங்கன்னேன். வைக்கமாட்டேங்குறார். சோடியம் வாசலை மட்டும் நெனச்சுக்காதீங்க டாக்டர், பொட்டாசியம் வாசலும் அடைச்சிருக்கும்னு ஒரே லெக்சர்!"

இந்த ஜில்லாவில், அவசரப் பிரிவுக்குப் போன் போட்டுப் பொட்டாசியத்துக்காக வாதாடும் ஆள் வேறு யார் இருக்கிறான்? சோடியம் எனக்கு, பொட்டாசியம் உனக்கு என்று அன்றைக்குப் பிரித்துக்கொண்டோமே, தன் பாதியை யாரும் மறந்துவிடக் கூடாது என்ற ஆத்திரம் பேர் சொல்லாதபோதும் உனக்குப் போகவில்லை.

ஆக, பூட்ஸுக்குள் இருந்தது செந்தேள். நீ பார்த்தாய். உனக்குத் தெரியும்.

உனக்குத் தெரிந்ததை அமிர்தவள்ளிக்கு நான்தான் சொல்லவேண்டியிருந்தது. "எனக்கு இன்னா சார் ஆச்சு, பொறக்கும்போதே நெஞ்சு கெட்டுப்போய்டுச்சா?" என்று கேட்டாள். நரம்பு செல்லின் சுவரில் பொடிப்பொடியாக வாசல்கள் இருக்கின்றன என்றேன். செய்தி வரும்போது சோடியம் வாசல் திறக்கும். சோடியம் உள்ளே பாயும். கண் இமைப்பதற்குள் உள்பக்கத்துத் தாழ் ஒன்று வந்து விழுந்து வாசலை அடைத்துவிடும். பிறகு பொட்டாசியம் வாசல் வழியாகப் பொட்டாசியம் வெளியே போய், நரம்பு பழைய நிலைக்கு வந்து அடுத்த செய்திக்குத் தயாராகும். தேளின் ஒரு நச்சு வெளியே ஒட்டிக்கொண்டு அந்தத் தாழை விழவிடாது. இன்னொரு நச்சு வெளியேறும் வழியில் கார்க் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். நரம்பு நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருக்கும். அட்ரினலின் கொட்டும், ரத்தக்குழாய் எல்லாம் இறுகும், இறுகிய குழாய்க்குள் தள்ளித் தள்ளி இதயம் களைத்துவிடும். களைப்புதான் அது, நோய் இல்லை. சில வாரத்தில் சரியாகிவிடும் என்றேன்.

"அதாவது, ஷிப்டு முடிஞ்சும் உள்ள வுட்டுனே இருக்கான், வெளிய போற கேட்டுல லாரிய நிறுத்திட்டான். அப்டித்தானே?" என்றாள்.

அப்படித்தான். உங்கள் கம்பெனியில் வேலை செய்தவளுக்கு வேறு உவமை தேவைப்படவில்லை.

என் கதையும் கேட்டாயே. நீ போனபின் பொட்டாசியம் பாதி நின்றது. வேறு தேசத்துக்காரன் முந்திக்கொண்டான். எனக்கு வரவேண்டிய பதவி, ஆய்வகத்துக்குள் செருப்பைக் கழற்றாமல் வருகிற ஒருவனுக்குப் போனது. நாம் ராத்திரி பகலாக உட்கார்ந்த அந்தப் பதிவுக் கருவியைப் பழைய இரும்புக்காரன் எடைக்கு எடுத்துப் போனான். இன்றைக்குத் திருப்பத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் தவளை படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லித் தருகிறேன். உன் மண்டி போனதற்கு நான் காரணம் இல்லை. என் வேலை போனதற்கு நீ காரணம்.

கம்பெனிக்குச் சொல். ஒரே ஒரு வாக்கியம் போதும்: பூட்ஸுக்குள் தேள் இருந்தது.

ஜெயசீலன்


ஆம்பூர்
4 அக்டோபர் 2024

சீலா,

அந்த டாக்டரம்மா நான் பேசப் பேச "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிரசோசின் கொடுத்தாள் அல்லவா? அது போதும்.

நடந்ததைச் சொல்கிறேன். அமிர்தவள்ளி நடந்து முடித்ததும் பூட்ஸை என்னிடம் நீட்டி, வாய்க்குள்ளேயே, "உள்ள ஆணி இருக்குது சார், ஹெலன் அக்காவ மாட்டிவுட்றாதீங்க" என்றாள். பையரைச் சாப்பிட அனுப்பிவிட்டு என் அறையில் ஆணியைத் தேடினேன். விரல் விடவில்லை, நல்லவேளை. கவிழ்த்துத் தட்டினேன். மேஜைமேல் விழுந்தது. நாட்றம்பள்ளி மலையடியில் நாம் கல்லைப் புரட்டிப் புரட்டிப் பிடித்தோமே, அதே சிவப்பு, அதே மெல்லிய கொடுக்கு. எத்தனை வருடம் கழித்து என் அறைக்கே தேடி வந்திருக்கிறது பார் என்று ஒரு நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த ஒரு நிமிஷத்தில்தான் கழிவறையிலிருந்து சத்தம் கேட்டது.

எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். வாப்பாவின் காலத்தில் தோல் பதனிடும் ஆவாரம் பட்டை அடுக்கிய கிடங்கு ஒன்று பின்னால் இருக்கிறது. பட்டைத் தூள் இன்னும் மூலையில் கிடக்கிறது. போன வருடம் பையர்கள் பார்த்துவிட்டு, இடித்துவிட்டால்தான் ஆர்டர் என்றார்கள். இடித்தாயிற்று என்று நான் சொன்னேன். இடிக்கவில்லை. முன்னால் பலகை அடித்து மறைத்தேன். எங்கள் குடும்பத்தில் மிச்சம் அந்தச் சுவர் ஒன்றுதான். அதைச் சும்மா வைத்திருக்க மனசில்லாமல் பழைய சாம்பிள் பெட்டிகளை அதற்குள் அடுக்கினேன். அந்தப் பெட்டி ஒன்றிலிருந்து எடுத்ததுதான் அந்த பூட்ஸ்.

தேள் என்று சொன்னால் கிடங்கு வரும். கிடங்கு வந்தால் என் பொய் வரும். பொய் வந்தால் ஐம்பத்து மூன்று வயதில் நான் தெருவில் நிற்பேன். மண்டியைத் தொலைத்தவன், வேலையிலும் பொய் சொல்லி மாட்டியவன் என்று பஜாரில் பேசுவார்கள். என் மகள் அஃப்ஷாவுக்கு வரன் பேசுகிற நேரம்.

ஆனாலும் போய்ச் சொல்கிறேன். தேளை ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன், பழைய பழக்கம். அதை மேஜைமேல் வைத்துச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் நீ ஒன்று செய்யவேண்டும். அந்தப் பத்திரிகைக்கு எழுது. நான்காவது படமும் ஐந்தாவது படமும் எஸ். சமீருல்லா பதிவுசெய்தவை, இரண்டு நச்சும் சேர்ந்தால்தான் முழு விளைவு என்று முதலில் சொன்னவன் அவன், அவன் பெயரையும் ஆசிரியர்களில் சேர்க்கவேண்டும் என்று எழுது. இங்கே எல்லாம் போனபின் நான் எதுவாக வீட்டுக்குப் போவது? வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த காரியம் எனக்கு அது ஒன்றுதான். அதைக் கொடு, நான் போகிறேன்.

சமீர்


நாட்றம்பள்ளி
11 அக்டோபர் 2024

சமீருல்லா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போய் நின்றேன். ஒரு பெண்ணின் பிழைப்பு உன் மேஜைமேல் ஸ்பிரிட் பாட்டிலில் மிதக்கிறது. நீ அதற்கு விலை சொல்கிறாய்!

முடியாது. ஏன் முடியாது என்றும் கேட்டுக்கொள். பதிவு எடுப்பதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை. எடுத்த பதிவை நம்பலாமா என்று மறுபடி மறுபடி எடுத்துப் பார்ப்பதும், எதிர்க் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும், திருப்பி அனுப்பப்பட்டதை மறுபடி எழுதுவதும்தான் ஆராய்ச்சி. அதையெல்லாம் நான் செய்தேன். நீ அப்போது கல்யாண மாப்பிள்ளை. உன் கல்யாணத்துக்கு நான் வந்தேன், நினைவிருக்கிறதா? முதல் பந்தியில் உட்காரவைத்து, "இவர் காலேஜில் தேள் வளர்க்கிறார்" என்று உன் மாமனாரிடம் அறிமுகப்படுத்தினாய். எல்லோரும் சிரித்தார்கள். பிரியாணியை விழுங்கிவிட்டு வந்தேன். தேள் பிடித்தமைக்கு நன்றி என்று நான் எழுதியது அதற்குப் பின்னால்தான்.

அந்தக் கட்டுரையை உலகத்தில் ஒன்பது பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். எனக்கென்று இருக்கிறது அது ஒன்றுதான். அதையும் பாகம் போடச் சொல்கிறாய்.

முதலில் போய் உண்மையைச் சொல். மனிதனாக இரு. பிறகு பேசலாம்.

ஜெயசீலன்


ஆம்பூர்
16 அக்டோபர் 2024

சீலா,

ஒன்பது பேர்தானே? பத்தாவது ஆளாக நான் என் பெயரைப் பார்த்துவிட்டுப் போகிறேன். இதற்கா இவ்வளவு பேஜார்?

நான் விலை சொல்கிறேன் என்கிறாய். நீ விலை ஜாஸ்தி என்கிறாய். இரண்டு பேரும் ஒரே கடையில்தான் நிற்கிறோம்.

என் போன கடிதத்தையும் நீ எழுதிய பதிலையும் அமிர்தவள்ளிக்குப் படித்துக் காட்டு. அந்த சார் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டால், உன் பேரில் இருக்கிற ஒரு பழைய கட்டுரைக்காக என்று சொல். சொல்லிவிட்டு எழுது. நான் அன்றைக்கே போய்ச் சொல்கிறேன், நிபந்தனை இல்லாமல்.

நீ சொல்லமாட்டாய்.

உன் சோடியம் வாசல் இன்னும் மூடவில்லை, அவ்வளவுதான். என்னுடையதில் கார்க் அடைத்திருக்கிறது. நாம் கட்டுரையில் எழுதியது சரி.

சமீர்


நாட்றம்பள்ளி
12 நவம்பர் 2024

சமீருல்லா,

எழுதிவிட்டேன். நேற்று அனுப்பினேன். பேராசிரியர் பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறார். தொலைபேசியில் கேட்டதும், "இதை அப்போதே செய்திருக்கலாமே" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சம்மதம் எழுதி அனுப்பினார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவும் உன்மேல் எனக்குக் கோபம்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. நான்காவது படம் உன் பதிவு. ஐந்தாவதில் பாதிதான் உன்னுடையது. அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அமிர்தவள்ளி மூன்று தடவை கேட்டாள், அந்த சார் எப்போது பேசுவார் என்று. பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன். எதிலும் கையெழுத்துப் போடாதே என்றும் சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்குப் பிறகு அவள் கேட்பதில்லை. என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

நீ கேட்டதைக் கொடுத்தாயிற்று. இனி போ.

ஜெயசீலன்


ஆம்பூர்
30 நவம்பர் 2024

சீலா,

போனேன். திங்கட்கிழமை காலை முதலாளி அறையில் பாட்டிலை மேஜைமேல் வைத்தேன். எல்லாம் சொன்னேன். பூட்ஸ், ஆணி, கிடங்கு, பலகை, ஒன்றையும் விடவில்லை. முதலாளி கோபப்படுவார் என்று நினைத்தேன். டீ வரவழைத்தார். எச்.ஆர். பையன் உள்ளே வந்தான். பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாய், இப்ப இன்னாத்துக்கு இது?" என்றான்.

"அமிர்தவள்ளி விஷயம்" என்றேன்.

"அது முடிஞ்சுபோச்சே. அதுவே எழுதிக் குடுத்துட்டுப் போய்டுச்சு. சின்ன வயசுலருந்தே மூச்சு வாங்கும், உடம்பு முடியல, வேலைய வுட்டுட்றேன்னு. நீக்கினா சர்வீஸ் சர்ட்டிபிகேட் கெடைக்காது, நீயா போனா தர்றோம்னு சொன்னோம். போட்ருச்சு."

எப்போது என்று கேட்டேன். தீபாவளி கழித்து முதல் திங்கள் என்றான்.

நவம்பர் நான்கு. நான் கடைசியாக உனக்கு எழுதியது அக்டோபர் பதினாறு. நீ எழுதியது நவம்பர் பன்னிரண்டு. நடுவில் நீ ஐந்தாவது படத்தில் எது பாதி என்று அளந்துகொண்டிருந்தாய். நான் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்தம்மாவே நெஞ்சுல கோளாறுன்னு சொல்லிட்டுப் போனப்புறம், தேளுன்னு சொல்ல நீங்க யாரு பாய்?" என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான்.

கிடங்கு விஷயத்தை மட்டும் அவர்கள் காதில் போட்டுக்கொண்டார்கள். அன்று மாலையே ராஜினாமாவில் என் கையெழுத்தையும் வாங்கினார்கள். புதன்கிழமை ஜேசிபி வந்தது. இரும்பு உள்ளே போனதும் பட்டைத் தூள் சிவப்பாக எழுந்தது. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். செக்யூரிட்டி என்னைப் பார்த்து சல்யூட் அடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் கையை நிறுத்திக்கொண்டான்.

பாட்டிலைப் பார்சலில் அனுப்புகிறேன். வீட்டில் வைத்தால் என் மனைவி பயப்படுகிறாள். உன் மாணவர்களுக்குத் தவளையோடு சேர்த்துக் காட்டு.

அமிர்தவள்ளியிடம் என்ன சொல்லப்போகிறாய்?

சமீர்


நாட்றம்பள்ளி
19 மார்ச் 2025

சமீர்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆனது. பார்சல் வந்தது. தேள் நிறம் மங்கிவிட்டது. ஆனாலும் செந்தேள்தான்.

அவளிடம் கேட்டேன். கையெழுத்துப் போட்டதை ஏன் சொல்லவில்லை, நான் அவ்வளவு சொல்லியிருந்தேனே என்று. துணி அலசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நானும் எத்தினி வாட்டி சார் கேக்கறது? பாக்கலாம் பாக்கலாம்னீங்க. நீங்க பாத்துனே இருந்தீங்க. அவங்க சர்ட்டிபிகேட் தர்றோம்னாங்க. தெரிஞ்சா திட்டுவீங்கன்னு சொல்லல."

சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். அதில் உடல்நிலை காரணமாக என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு ஐந்தாறு கம்பெனி ஏறி இறங்கினாள். படித்துப் பார்த்துவிட்டு எல்லோரும் ஒரே மாதிரி, சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஜனவரியில் வேலூருக்குக் கூட்டிப்போய் மறுபடி இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தேன். இதயம் முழுசாகத் தேறிவிட்டது. நான் சொன்னபடியே. அந்த ரிப்போர்ட்டையும் கொண்டுபோனாள். "இப்ப சரியாச்சு, நாளைக்கு விழுந்தா யாரு பாக்கறது?" என்று கேட்டார்களாம். இப்போது திருப்பத்தூரில் ஒரு கடையில் ஸ்கூல் யூனிபார்ம் தைக்கிறாள். பீஸ் கணக்கு. காலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது, ஜன்னலோரத்துப் பெண்கள் இவளுக்குக் கை காட்டுகிறார்கள்.

"என் காலுதான் சார் அந்தக் கம்பெனிக்கு அளவு. இப்ப எவ காலு வெச்சி அளக்குறாங்களோ, லூசா டைட்டான்னு எப்பிடித் தெரியுதோ" என்று ஒருநாள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

சொல்லவந்தது வேறு. திருத்தம் வெளியாகிவிட்டது. முந்தாநாள் வந்தது. பிரதி ஒன்று இதனுடன் வைத்திருக்கிறேன். என் பெயருக்கு அடுத்து உன் பெயர். நான்காவது படமும் ஐந்தாவது படமும் சமீருல்லா பதிவுசெய்தவை என்று போட்டிருக்கிறார்கள். பாதி என்று நான் எழுதியதை அவர்கள் நீக்கிவிட்டார்கள். நான் ஆட்சேபிக்கவில்லை.

நேற்று சாயங்காலம் நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது அமிர்தவள்ளி வாடகை கொடுக்க வந்தாள். "இன்னா சார் அது, அவ்ளோ நேரமா பாக்குறீங்க?" என்றாள். நீ அக்டோபரில் சொல்லச் சொன்னதை நேற்றுத்தான் சொன்னேன். கட்டுரை, உன் பெயர், நீ கேட்டது, நான் ஒரு மாதம் மறுத்தது. கோபப்படுவாள் என்று பார்த்தேன். கையை முந்தானையில் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், பூட்ஸ் பெட்டியில் படித்துப் பழக்கம். விரல் வைத்து முதலிலிருந்து கடைசிவரைக்கும் பார்த்தாள்.

"தேளு கொட்னா உள்ள இன்னா ஆவும்னு எழுதினதா சார் இது?"

"ஆமாம்."

"ஒங்க பேரு இருக்குது. அந்த சார் பேரு இருக்குது. பெங்களூரு சார் பேருகூட இருக்குது." தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. "என்னுது எங்க சார்?"

அவள் விளையாட்டுக்குக் கேட்டாளா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. கையில் தாளை வைத்துக்கொண்டு நின்றாள்.

அவள் கேட்டதை அப்படியே உனக்கு எழுதுகிறேன், சமீர். பதில் தெரிந்தால் எழுது.

சீலன்